முதலைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைக் கடந்து சென்றால் ஒகேனக்கல். அங்கே அருவியைத் தவிர, வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையமும் உண்டு. கல்லைப் போல அசையாமல் கிடக்கும் முதலைகளைக் கண்டதும், "படுத்தே கிடக்கும் பிராணிக்கு இவ்வளவு இடம் எதற்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் தெரிந்தால் இதற்கு விடை சொல்லிவிடலாம்.

தோலுக்காக வேட்டையாடப்பட்டதால் நம் ஆறுகளில் முதலைகள் மிகவும் அருகிப் போயின. எனவே 1975-ல் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குட்டிகளை வளர்த்து, ஆபத்து குறைந்த பருவத்தில் ஆற்றில் விடுவதுதான் திட்டம். அப்படியானால், வளரும் குட்டிக்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது?

முட்டையிலிருந்து வெளிவரும் நன்னீர் முதலைக் குட்டியின் நீளம் ஏறக்குறைய 30 செ.மீ. உங்கள் அளவுகோலின் நீளம்தான்! வளர்ந்த முதலை 3 மீட்டருக்கு மேலும் இருக்கும். நீளம் 10 மடங்கு என்பதால் தொட்டியும் 10 மடங்கு போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உடல் நீளத்தைப் போல இரு மடங்கு பக்கமுள்ள சதுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக மட்டுமே, சட்ட அளவு அல்ல). குட்டிக்கு 60 செ.மீ. பக்கமுள்ள சதுரம், பரப்பு 0.36 சதுர மீட்டர். பெரிய முதலைக்கு 6 மீட்டர் பக்கம். பரப்பு 36 சதுர மீட்டர். அதாவது 100 மடங்கு! குட்டியின் சதுரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துவிடலாம். பெரியதற்கோ, 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வகுப்பறை முழுவதும் வேண்டும்.

பரப்பு மட்டும் போதுமா? போதாது. முதலை தன் உடல் வெப்பத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்ள இயலாத பிராணி. காலையில் வெயிலில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளும். சூடு மிகுந்தால் வாயைத் திறந்து வைக்கும், அல்லது நிழலுக்கோ நீருக்கோ போகும். ஆகவே வெயில், நிழல், நீர் மூன்றும் தேவை. நீரும் ஆழமாக இருக்க வேண்டும். ஒரே அளவு வெயில் வெப்பம் 10 செ.மீ. ஆழ நீரில் சேர்வதாகவும், 1 மீட்டர் ஆழ நீரில் சேர்வதாகவும் எண்ணிப் பாருங்கள். இரண்டாவதில் நீர் பத்து மடங்கு. ஆகவே வெப்பநிலை உயர்வு பத்தில் ஒரு பங்குதான். தருமபுரிக் கோடையில் ஆழமற்ற தொட்டி முதலைக்குப் புகலிடம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. பெரிய முதலை சிறியதை விரட்டும்; சில சமயம் தின்றும்விடும். தப்பி ஓட இடமில்லாத தொட்டியில் சிறியதன் கதி என்ன? அதனால்தான் அளவு வாரியாகப் பிரித்து வைக்கிறார்கள். பெண் முதலை குழி தோண்டி முட்டையிட மணல் மேடும் வேண்டும்.

உடல் சிறியதானால் இந்த விதிகள் மாறிவிடுமா? தென் அமெரிக்கக் காடுகளின் நச்சுத் தவளைகளில் பல 4 செ.மீ. நீளம்கூட இல்லாதவை. ஆயினும் ஒரு சோடியை வளர்க்க 45 செ.மீ. பக்கமுள்ள கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். உடலைப் போல பத்து மடங்குக்கும் மேல்! அவை தத்தம் எல்லைக்காகச் சண்டையிடுபவை. சின்னப் பெட்டியோ விரைவில் சூடேறும். ஈரமும் விரைவில் வற்றும். ஈரத் தோல் உலர்ந்தால் தவளை பிழைக்காது.

ஆக, கூண்டின் அளவை முடிவு செய்வது உடலின் நீளம் மட்டுமல்ல. அது எப்படி வாழ்கிறது, இன்னும் எவ்வளவு வளரும் என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. குளத்து ஆமையையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வந்து வாளியில் வைக்க ஆசை வருகிறதா? வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) அதைத் தடுக்கிறது. வாளியில் வெயிலும் நிழலும் நீரும் சேர்ந்து கிடைக்கவும் வழியில்லை.

ஒகேனக்கல்லுக்குப் போகும்போது கல்லெறிந்து முதலையை அசைத்துப் பார்க்காதீர்கள். நிழல் எங்கே, ஆழம் எங்கே, மணல் எங்கே என்று தேடிப் பாருங்கள். காலையில் ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் பார்த்தால், முதலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.