குளிரவைக்கும் இயந்திரம் சூடாவது ஏன்?

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் ஈரத்துண்டு லேசில் காயாது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டுப் பாருங்கள், காய்ந்துவிடும்.

ஏன்? ஃப்ரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர்கிறது.

பெரிய அளவிலும் இதே கதைதான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் துகள் முடுக்கி இயங்கும்போது, அதன் காந்தங்கள் மைனஸ் 271.3 டிகிரி செல்சியஸில் இருக்கின்றன. அங்கிருந்து 1 வாட் வெப்பத்தை வெளியேற்ற, இழப்பே இல்லாத இயந்திரத்துக்கும் சுமார் 150 வாட் வேண்டும். அத்தனை சூடும் குளிரூட்டும் நீரில் இறங்கும். பிறகு கோபுரங்கள் வழியே காற்றில் கலந்துவிடும்.

அந்தச் சூட்டை எப்படி மீட்பது? வெப்பமாற்றியில் அந்த நீரும் வேறு நீரும் கலக்காமல் அருகருகே ஓடும். சூடு மட்டும் கைமாறும். அதைக் குழாயில் பக்கத்து ஃபெர்னே-வோல்த்தேர் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

நம் பால் குளிரூட்டும் நிலையங்களிலும் கேன் கழுவ வெந்நீர் வேண்டும். அதற்கான சூடு அங்கேயே வீணாகிறது, பிடித்துவைப்போம்.