பலவகைக் குணம், ஒரே சங்கம்

ஒரு சங்கம் எதனால் உடைகிறது? பணத்தால் என்பார் பலர். கிராமங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிய எமக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் முறிவது பேச்சு. பணப் பிரச்சினை அதன் பின்னரே வருகிறது.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் மாதர் சங்க நிர்வாகிகளுக்கென 2 நாள் பயிற்சி ஒன்றை நடத்தினோம். ஒரே சங்கத்திலிருந்து வந்த தலைவியும் பொருளாளரும் மண்டபத்தின் எதிரெதிர் மூலைகளில் அமர்ந்தார்கள். அவர்களது சுழற்சிக் கடன் நிதி 3 மாதமாக முடங்கிக் கிடந்தது. வலை வாங்கவும் கருவாடு போடவும் கடன் கேட்டிருந்த பெண்கள் நாள் வட்டிக்காரரை நாடத் தொடங்கியிருந்தனர். கணக்கிலோ ஒரு சதமும் குறையவில்லை!

“கேட்டால் வாயே திறக்கிறா இல்லை. எங்களை நம்பவில்லைப் போல” என்றார் தலைவி. “அக்கா கேட்ட உடனே பதில் வேணும் எண்டு நிக்கிறா. யோசிக்க நேரம் தாறா இல்லை” என்றார் பொருளாளர்.

நாமும் இதில் பிழை விட்டிருந்தோம். மௌனமாக இருப்பவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணி, பொருளாளரை மாற்றும்படி முன்னரே ஆலோசனை கூறியிருந்தோம்.

குணங்களை வகுத்தவர்கள்

மனிதரை வகைப்படுத்திப் பார்ப்பது புதிய விடயமன்று. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் உடலில் உள்ள 4 வகை நீர்மங்களைக் கொண்டு மனிதரின் குணத்தை விளக்கினர். எமது சித்த வைத்தியரும் வாதம், பித்தம், கபம் எனத் தேக இயல்பைப் பிரித்தனர். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் யூங் 1921இல் வெளியிட்ட நூலில் அகமுகர், புறமுகர் என்ற பாகுபாட்டை விளக்கினார். இவர் 1938இல் இலங்கைக்கும் வந்து, கண்டி தலதா மாளிகையின் மேளச் சடங்கைக் கண்டு வியந்தவர்.

புறமுகர் பேசிப் பேசியே தெளிவு பெறுகிறார். அகமுகர் தெளிவு பெற்ற பின்னரே பேசுகிறார். எமது தலைவியும் பொருளாளரும் இந்த இரு கரைகளிலும் நின்றவர்கள். இருவருக்கும் சங்கத்தின் நன்மையே நோக்கம்; அங்கு போய்ச் சேரும் பாதைதான் வேறு.

ஒரு எச்சரிக்கை

யூங்கின் கருத்தைப் பின்பற்றி, அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் 16 வகைகளைக் காட்டும் வினாக்கொத்து ஒன்றை உருவாக்கினர். அது 1962இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஆனால் சில வாரங்களின் பின் அதையே மீண்டும் நிரப்பும்போது பலர் வேறு வகைக்குள் விழுகின்றனர். ஆகவே இன்றைய உளவியலாளர் மனிதரைப் பெட்டிகளில் அடைப்பதில்லை. ஒவ்வொரு குணமும் ஒருவரில் எவ்வளவு உண்டு என்றே அளக்கின்றனர். எம்மில் பெரும்பாலோர் நடுவில் நிற்பவர்களே.

எமது மாவட்டத்துக்கு இன்னொன்றும் பொருந்தும். 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் 2009 வரை நீடித்த யுத்தத்தையும் கண்டவர்கள் நாம். பேசியதால் ஆபத்து வந்த காலம் ஒன்று இங்கு இருந்தது. எனவே எல்லா மௌனமும் பிறவிச் சுபாவமன்று. அதேபோல், “அந்த இனத்தவர் இப்படித்தான்” என்று ஒரு சமூகத்துக்கே குணம் சூட்டுவது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் சேர்ந்து வாழும் இம்மண்ணில் பெரும் தீங்காகும்.

நாம் செய்து பார்த்தவை

1. கடன் விண்ணப்பங்களைக் கூட்டத்துக்கு 2 நாள் முன்னரே பொருளாளரிடம் கொடுத்தல்.
2. எல்லோரும் ஒரு தடவை பேசும்வரை எவரும் இரண்டாம் தடவை பேசாதிருத்தல்.
3. தீர்மானத்துக்கு நாள் குறித்தல். யோசிக்க நேரம் உண்டு. ஆனால் அந்த நேரத்துக்கு எல்லையும் உண்டு.
4. “நீ இப்படிப்பட்டவள்” என்பதை விடுத்து, “உனக்கு எது வசதி?” என்று கேட்டல்.

முதலாவது பொருளாளருக்கு ஆறுதல் தந்தது; மூன்றாவது தலைவிக்கு ஆறுதல் தந்தது. பொருளாளரை மாற்றச் சொன்ன ஆலோசனையை நாம் எல்லோர் முன்னிலையிலும் மீளப்பெற்றோம். அடுத்த கூட்டத்தில் தேங்கியிருந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் முடிவு காணப்பட்டது. ஒரு விண்ணப்பத்தில் தவணைத் தொகை தவறாகக் கணிக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் பொருளாளர். அதை விண்ணப்பித்த பெண்ணிடம் மனம் நோகாமல் எடுத்துச் சொன்னவர் தலைவி.

இருவரும் உற்ற தோழிகளாகிவிட்டனர் என்று நாம் கூறமாட்டோம். அது தேவையுமில்லை. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே விரிந்து கிடக்கும் துறைமுகம் பெருங்கப்பலுக்கும் இடம் கொடுக்கிறது. சிறு வள்ளத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஒன்றையொன்று இடிக்காமல் செல்ல அவற்றுக்கு ஒழுங்குகள் உண்டு. உங்கள் சங்கத்தில் அத்தகைய ஒழுங்குகள் உண்டா? அடுத்த கூட்டத்தில், இதுவரை வாய் திறவாத ஒருவரிடமிருந்து தொடங்கிப் பாருங்கள்.