நாணயம் சுண்டினாலும் அதே விடைதான்: புணேயில் ஜோதிடம் சோதிக்கப்பட்ட கதை

புதுதில்லி: 2014-ம் ஆண்டு டிசம்பர் 3. மக்களவையில் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளுக்கான மசோதா மீது விவாதம் நடந்துகொண்டிருந்தது. கட்டடக்கலை பற்றிய மசோதா என்பதால் உறுப்பினர்களிடம் பெரிய ஆர்வமில்லை. அப்போது பேச எழுந்த ஹரித்வார் தொகுதி பாஜக உறுப்பினர் ரமேஷ் போக்ரியால் நிஷாங்க், ஜோதிடமே விஞ்ஞானங்களில் முதன்மையானது என்றும், அதன் முன் மற்ற விஞ்ஞானங்கள் எல்லாம் குள்ளமானவை என்றும் கூறினார். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கணாத முனிவர் அணு சோதனை நடத்திவிட்டார் என்றும் அவர் தெரிவித்தார்.

மறுநாள் நாளேடுகளில் அதுவே செய்தி. மசோதாவில் என்ன இருந்தது என்பதை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை. கேலி செய்தவர்கள் கேலி செய்தார்கள், ஆதரித்தவர்கள் ஆதரித்தார்கள். இரு தரப்பிலும் எவரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. ஜோதிடம் விஞ்ஞானமா, இல்லையா என்பதை வெறும் வாதமாக வைத்துக்கொண்டிருக்காமல் சோதித்துப் பார்த்தால் என்ன?

வியப்பு என்னவென்றால், அந்தச் சோதனை அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. முடிவுகளும் அச்சாகிவிட்டன. அதை நடத்தியது புணே நகரம்.

200 ஜாதகங்கள்

சோதனையை வடிவமைத்தவர் வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர். கோலாப்பூரில் 1938-ல் பிறந்து, காசியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாய்லிடம் ஆராய்ச்சி செய்தவர். 1972-ல் நாடு திரும்பி மும்பை டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1988-ல் புணே பல்கலைக்கழக வளாகத்தில் "அயூகா" என்று அழைக்கப்படும் வானியல் மையம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன இயக்குநரானார். 2003 வரை அப்பொறுப்பில் இருந்தார். மராத்தியில் அறிவியல் புனைகதைகள் எழுதியவர் என்பதால் நார்லிகர் என்ற பெயர் மகாராஷ்டிரத்தில் பள்ளிச் சிறுவர்களுக்கும் தெரியும்.

2001-ல் வாஜ்பாய் அரசில் முரளி மனோகர் ஜோஷி மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களில் வேத ஜோதிடத் துறைகள் தொடங்க பல்கலைக்கழக மானியக் குழு நிதி வழங்க முன்வந்தது. அதை வெளிப்படையாக எதிர்த்த விஞ்ஞானிகளில் நார்லிகரும் ஒருவர். கிரகங்களை வைத்துப் பலன் சொல்லும் முறை வேதங்களில் இல்லை, கிரேக்கர்களிடமிருந்து வந்தது என்பது அவரது வாதம். ஹைதராபாதைச் சேர்ந்த உயிரியல் விஞ்ஞானி பி.எம். பார்கவா உள்ளிட்டோர் நீதிமன்றம் சென்றனர். 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களது மனுவைத் தள்ளுபடி செய்தது. விருப்பமுள்ளவர் படிக்கும் பாடம்தானே, கல்வித் துறை வல்லுநர்களின் முடிவில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அரசு, நீதிமன்றம் என்ற இரண்டு வாசல்களும் மூடிய பின்னர், விஞ்ஞானிக்கு உரிய மூன்றாவது வழியை நார்லிகர் தேர்ந்தெடுத்தார். புணே பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டே, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தாபோல்கர், ஒரு காலத்தில் ஜோதிடம் பயின்று பின்னர் அதன் விமர்சகராக மாறிய பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் உடன் சேர்ந்தனர்.

முறை மிக எளிமையானது. பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கும் குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர். இவர்களின் பிறந்த நாள், நேரம், இடம் ஆகியவற்றை தாபோல்கர் இயக்கத்தின் தொண்டர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று திரட்டினர். அவற்றைக் கொண்டு 200 ஜாதகங்கள் கணிக்கப்பட்டன. எந்த ஜாதகம் யாருடையது என்ற விவரம் பேராசிரியர் குண்டேயின் பாதுகாப்பில் ரகசியமாக வைக்கப்பட்டது. சோதனை நடத்துபவர்களே விடையைத் தெரிந்துகொண்டு சாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

2008 மே மாதம் புணேயில் செய்தியாளர்களைச் சந்தித்து நார்லிகர் பகிரங்க அழைப்பு விடுத்தார். பங்கேற்கும் ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்கள் அனுப்பப்படும். எது கெட்டிக்காரக் குழந்தையின் ஜாதகம், எது மனவளர்ச்சி குன்றிய குழந்தையின் ஜாதகம் என்று மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். கல்யாணம் எப்போது, வெளிநாட்டு யோகம் உண்டா என்பன போன்ற வழுக்கும் கேள்விகள் கிடையாது. ஒருவரின் அறிவுத்திறனை ஜாதகத்தில் பார்க்க முடியும் என்பது ஜோதிடர்களே அன்றாடம் சொல்வதுதான்.

ஜோதிடர் சங்கத் தரப்பிலிருந்து புறக்கணிப்புக் குரல் எழுந்தது. ஆயினும் 51 பேர் முன்வந்து ஜாதகங்களைப் பெற்றுக்கொண்டனர். விடை எழுதி அனுப்பியவர்கள் 27 பேர்.

அந்த 27 பேரின் சராசரி வெற்றி 46 சதவீதம். ஜாதகத்தைப் பிரித்தே பார்க்காமல் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் கெட்டிக்காரக் குழந்தை, பூ விழுந்தால் மற்றது என்று எழுதியிருந்தால் சராசரி 50 சதவீதம் வந்திருக்கும். மிக அதிகமாக, ஒருவர் 40-ல் 24 சரியாகச் சொன்னார். இது பெரிய சாதனையாகத் தோன்றலாம். ஆனால் 27 பேர் தலா 40 முறை நாணயம் சுண்டினால் அவர்களில் மூன்று, நான்கு பேர் 24 அல்லது அதற்கு மேல் பெறுவார்கள் என்பது நிகழ்தகவுக் கணக்கு. ஒரு ஜோதிட நிறுவனம் தனியாக 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்து 102-ஐச் சரியாகச் சொன்னது. அதாவது 51 சதவீதம்.

முடிவுகள் 2009 மார்ச்சில் பெங்களூரிலிருந்து வெளிவரும் "கரண்ட் சயின்ஸ்" ஆய்விதழில் வெளியாயின.

அதன் பிறகு?

எதுவும் மாறவில்லை. இத்தகைய சோதனைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபங்களை வாசகர்கள் அறிவார்கள். நல்ல ஜோதிடர்கள் இதில் பங்கேற்கவில்லை. ஆளை நேரில் பார்க்காமல் பலன் சொல்ல முடியாது. பிறந்த நேரம் துல்லியமாக இருந்திருக்காது. நடத்தியவர்கள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டவர்கள். இவற்றில் கடைசிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லலாம். நடத்துபவர் என்ன நினைக்கிறார் என்பது விடையைப் பாதிக்கக் கூடாது என்பதற்காகத்தான் ரகசியப் பட்டியல் மூன்றாமவரிடம் இருந்தது. நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்பது உண்மையானால், பத்திரிகைகளில் வாரந்தோறும் பல கோடிப் பேருக்கு ராசிபலன் எப்படிச் சொல்லப்படுகிறது? (நமது நாளேடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுத வேண்டியிருக்கிறது.)

அறிவியல் செய்தி எதுவாக இருந்தாலும் இந்நாட்டில் கருத்துச் சொல்லாதவர் இல்லை. விண்கலம் ஏவினாலும், மரபணு மாற்றப் பயிர் வந்தாலும், அணு உலை அமைத்தாலும் நாளேட்டு அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் சந்தேகத்தின் சாயலே இராது. எல்லாம் தீர்ப்புகளாகவே இருக்கும். இதில் தவறில்லை. வரிப்பணம் கட்டுபவருக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. எந்தச் சான்று காட்டப்பட்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று எவரும் எழுதுவதில்லை என்பதே குறை. நாடாளுமன்ற விவாதங்களை ஆண்டுக்கணக்கில் கேட்டுவரும் இந்த நிருபருக்கு, அவையிலும் அப்படி ஒருவர் பேசிக் கேட்ட நினைவில்லை.

நார்லிகரே இதற்கு விதிவிலக்கா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். பெருவெடிப்பில் பிரபஞ்சம் தோன்றியது என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஹாய்லும் அவரும் 1960-களில் தொடங்கிய மாற்றுக் கொள்கையை, சான்றுகள் எதிர்த்திசையில் குவிந்த பின்னரும், திருத்தித் திருத்தி முன்வைத்தார். சக விஞ்ஞானிகளில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர் ஆய்விதழ்களில், எண்களோடு, எவர் வேண்டுமானாலும் மறுக்கக்கூடிய வகையில் வாதிட்டார். மறுத்தவர்களுக்குத் தான் நிறுவிய மையத்திலேயே இடமும் தந்தார். பிடிவாதத்திலும் தரம் இருக்கிறது.

கையொப்பம் கேட்டு வரும் சிறுவர்களிடம் அவர் ஒரு நிபந்தனை விதிப்பார். அஞ்சலட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்பு. பதிலோடு கையொப்பமும் வரும் என்பார். வந்த அட்டைகளுக்குத் தன் கையால் பதில் எழுதினார்.

பாலத்தில் முடிந்த நடை

சோதனைக் குழுவில் இருந்த நரேந்திர தாபோல்கர் சாதாராவைச் சேர்ந்த மருத்துவர், கபடி வீரர். 1989-ல் மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியைத் தொடங்கியவர். சானே குருஜி தொடங்கிய "சாதனா" வார இதழின் ஆசிரியராகவும் இருந்தார். கடவுளையோ பக்தியையோ எதிர்க்கவில்லை, அவற்றின் பெயரால் நடக்கும் மோசடியையும் கொடுமையையுமே எதிர்க்கிறேன் என்று மேடைக்கு மேடை சொல்லிவந்தார்.

நரபலி, பேயோட்டுவதாகக் கூறி அடித்துத் துன்புறுத்துதல், பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குச் செல்லவிடாமல் மந்திரத்தால் குணப்படுத்துவதாகத் தடுத்தல் ஆகியவற்றைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும் என்பது அவரது கோரிக்கை. 2005-ல் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியும் மேலவையில் தேங்கியது. அதன் பின்னர் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் தள்ளிப்போனது. பாஜகவும் சிவசேனையும் எதிர்த்தன; வார்கரி பக்தர் அமைப்புகள் சில தங்கள் வழிபாட்டுக்கே ஆபத்து என அஞ்சின; ஆட்சியில் இருந்த காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் கூட்டணிக்கு வாக்கு பயம். எதிர்த்தவர்களைவிட ஆதரிப்பதாகச் சொல்லிக் காலம் கடத்தியவர்கள்தான் அவரை அதிகம் அலைக்கழித்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

2013 ஆகஸ்ட் 20-ம் தேதி காலை, புணே ஓங்காரேஸ்வரர் கோயில் அருகே உள்ள பாலத்தில் நடைப்பயிற்சியில் இருந்த தாபோல்கரை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது 67.

அடுத்த நான்கு நாள்களில் அவசரச் சட்டம் பிறந்தது. அவர் உயிரோடு இருந்தவரை மூடியிருந்த கதவு, பிணம் எரிந்து முடிவதற்குள் திறந்தது. டிசம்பரில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை, ரூ. 5 ஆயிரம் முதல் ரூ. 50 ஆயிரம் வரை அபராதம். அதன் கீழ் வழக்குத் தொடரப்பட்டவர்கள் பல மதங்களைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கர்நாடகம் 2017-ல் இத்தகைய சட்டம் இயற்றியது. எந்தக் கட்சி மகாராஷ்டிரத்தில் எதிர்த்ததோ அதே கட்சி ஆளும் குஜராத், 2024 ஆகஸ்டில் ஏறத்தாழ இதே பெயரில் சட்டம் நிறைவேற்றியது.

கொலை வழக்கு மும்பை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2014-ல் சிபிஐ வசம் சென்றது. இதற்கிடையே 2015-ல் கோலாப்பூரில் கோவிந்த் பன்சாரே, தார்வாடில் எம்.எம். கல்புர்கி, 2017-ல் பெங்களூரில் கெüரி லங்கேஷ் ஆகியோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2024 மே 10-ம் தேதி புணே சிறப்பு நீதிமன்றம் தாபோல்கரைச் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சதித்திட்டம் தீட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் உள்ளிட்ட மூவர், போதிய சான்று இல்லை என விடுவிக்கப்பட்டனர்.

தில்லியும் சென்னையும்

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு கூறுகிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அதைச் சேர்த்தது இதே நாடாளுமன்றம். கடமை குடிமகனுக்குத்தான், அரசுக்கு என்ன கடமை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 2014-ல் ஜோதிடத்துக்காக வாதாடிய நிஷாங்க், 2019-ல் மனிதவள மேம்பாட்டு அமைச்சரானார். அவர் கல்வி அமைச்சராக இருந்த 2021 ஜூன் மாதத்தில், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜோதிடத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. புணே சோதனையின் முடிவுகள் அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு அத்தியாயமாகவாவது இடம்பெற வேண்டும் என்று எவரும் கோரியதாகத் தெரியவில்லை.

தில்லியைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பெரியார் பிறந்த மண் என்று நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் பெருமையுடன் பேசுவது வழக்கம். 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில், முற்பிறவிப் பாவத்தால்தான் ஊனம் வருகிறது என்ற தொனியில் ஒருவர் மாணவிகளிடம் சொற்பொழிவாற்றினார். எழுந்து கேள்வி கேட்டவர் பார்வைத்திறன் இல்லாத தமிழாசிரியர். பெரும் சர்ச்சைக்குப் பின்னர் அரசு நடவடிக்கை எடுத்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் இருப்பது போன்ற தனிச் சட்டம் அப்போதும் தமிழகத்தில் இருக்கவில்லை.

நார்லிகர் 2025 மே 20-ம் தேதி புணேயில், தமது 86-வது வயதில் காலமானார். அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. கட்சி வேறுபாடின்றித் தலைவர்கள் இரங்கல் தெரிவித்தனர்.

தாபோல்கரின் உயிரை விலையாகக் கொடுத்து வந்த அந்த மகாராஷ்டிரச் சட்டத்தில், எவையெல்லாம் குற்றமாகாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. பூஜை, யாத்திரை, கீர்த்தனை ஆகியவற்றோடு வாஸ்து ஆலோசனைக்கும் அதில் விலக்கு தரப்பட்டுள்ளது. அதே பட்டியலில் ஜோதிடர்கள் கூறும் ஆலோசனையும் இடம்பெற்றுள்ளது.