பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுமுன்

"அண்ணா, இதுல விண்டோஸ் 11 போட்டுக் குடுங்க."

"இதுல ஏறாதுப்பா. வேணும்னா பைபாஸ் பண்ணிப் போட்டுத் தரேன். அப்புறம் ஹேங் ஆனா என்னைக் கேட்கக் கூடாது."

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர் போன்ற ஊர்களில் இந்த விதி நேராக வீட்டு மேசையைத் தொடுகிறது.

கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை சாலையில் இருக்கும் ஒன்றியத் தலைமையிடம் மத்தூர். சுற்றிலும் மாந்தோப்புகள், பக்கத்திலேயே போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட்டுகள், கொஞ்சம் தள்ளி ஓசூர். இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரும் வழிகள் சிலதான். ஒன்று, முன்பு அரசு கொடுத்த இலவச லேப்டாப். இன்னொன்று, பெங்களூரு ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்டு அங்குள்ள எஸ்.பி. ரோடு கடைகள் வழியாகக் கைமாறி வரும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப். கையில் காசு இருந்தாலோ தவணை கிடைத்தாலோ புதிது. முதல் இரண்டு வகையிலும் பெரும்பாலானவை விண்டோஸ் 11 பரீட்சையில் தேறாதவை. ஆனால் கீபோர்டு, திரை, ஹார்டு டிஸ்க் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

காசு கொடுத்து விண்டோஸ் வாங்குவதா, அதற்கு மாற்றான இலவச லினக்ஸுக்குப் போவதா என்றுதான் பொதுவாகக் கேள்வி வைக்கிறார்கள். நம்மூரில் போட்டியே வேறு. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு விண்டோஸ் லைசென்ஸ் தனியாக வாங்குபவர் இங்கே அபூர்வம். சில நூறு ரூபாய் கூலிக்குக் கடைக்காரர் ஏற்றித் தரும் கிராக் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும்தான் போட்டி. இரண்டுமே 'இலவசம்' எனும்போது பழகியதுதானே ஜெயிக்கும்?

தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் இதற்காக மத்தூரில் வீடு வீடாகப் போலீஸ் வரப்போவதில்லை, அந்தப் பயம் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கிராக் செய்யும் ஆக்டிவேட்டரை ஓட்ட, முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு புரோகிராமுக்கு முழு அனுமதி கொடுத்தாகிவிட்டது. அதே மெஷினில்தான் நெட் பேங்கிங் பாஸ்வேர்டும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் அடிக்கிறோம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லேப்டாப்புகளின் பயாஸிலேயே ஒரிஜினல் லைசென்ஸ் சாவி பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் ஏற்றினால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் பதிப்பு லைசென்ஸ் உள்ள மெஷினில் கிராக் செய்த புரோ பதிப்பைப் போட்டு, முறையான சொத்தைத் திருட்டுச் சொத்தாக்கிக் கொடுக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பயாஸில் எந்தப் பதிப்பின் லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டு, அதையே ஏற்றி வாங்குங்கள்.

லினக்ஸ் நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. 2006-08 வாக்கில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்தபோதே, அங்கிருந்த கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று திரை கேட்கும். கிராமத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோருக்கு அந்தத் தேர்வு கைக்கே வந்தது. உலகத்தில் எத்தனை அரசுகள் இப்படிச் செய்திருக்கும்! ஆனால் பாஸில் என்ன செய்யலாம் என்று சொல்லித்தர வகுப்பில் ஆளில்லை. பையன்கள் செய்த முதல் காரியம், பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றியதுதான். 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி நின்றபோது அரசுத் துறைகளையும் பாஸுக்கு மாறச் சொன்னார்கள். இன்றும் ஆபீஸ் மேசைகளில் நாம் பார்ப்பது விண்டோஸைத்தான்.

கேரளத்தில் கதை வேறு. அங்கே பள்ளி ஐ.டி. பாடத்தையே லினக்ஸில் எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். மெஷினோடு வாத்தியாரையும் கொடுத்தார்கள். நாம் மெஷினை மட்டும் கொடுத்தோம்.

அதற்காக எல்லோரும் நாளைக்கே லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. உங்களுக்குச் சோறு போடும் புரோகிராம் எது என்று முதலில் பாருங்கள். டேலி என்றால் விண்டோஸ்தான். மத்தூரிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருவில் தயாராகும் டேலி, விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. லினக்ஸில் அதை முட்டி மோதி ஓட்டலாம், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஓசூர் சிஎன்சி யூனிட்டில் வேலைக்குப் போக ஆட்டோகேட் பழகும் டிப்ளமோ மாணவருக்கும் இதே பதில். ஆட்டோகேட்டுக்கு இலவச மாற்றான ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டி நன்றாகவே வளர்ந்திருக்கிறது, ஆனால் இன்டர்வியூவில் கேட்பது ஆட்டோகேட்டைத்தான். ஃபோட்டோஷாப், கோரல்டிரா, பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிக்கும் டிடிபி கடைகளும் அசைய முடியாது. ஜெராக்ஸ் கடைகளில் உழைத்து உழைத்துத் தேய்ந்த கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் இருக்கிறதே, லினக்ஸில் அதற்கு டிரைவர் போட்டு ஓடவைப்பது பெரும்பாடு. இவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும், காசு கொடுத்து ஒரிஜினலாக இருக்கட்டும். தொழில் முதலீட்டில் அதுவும் ஒரு செலவு.

மற்றவர்கள்? பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், கடிதம், எக்செல் மாதிரிக் கணக்கு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. இவ்வளவுக்கும் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ தாராளம். லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். 2 ஜிபி ராமோடு வந்த பழைய இலவச லேப்டாப்பில் இன்னொரு 2 ஜிபி சேர்த்து, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் இன்னும் சில வருடம் ஓடும்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ வேறெங்கோ கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு பெங்களூரு போக நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: லினக்ஸ் உங்களுக்குக் கட்டாயம். இணையத்தின் சர்வர்களில் பெரும்பகுதியை ஓட்டுவது அதுதான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017 நவம்பரிலிருந்து அதில்தான் ஓடுகின்றன. கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுவே. சந்தேகம் வந்தால் தமிழில் படிக்க 2012-இல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ் இருக்கிறது. விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்கு இதையே சொல்லித்தர ஒரு லினக்ஸ் குழு பல வருடமாக இயங்குகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அப்படி ஒன்றை ஒரு கல்லூரியோ நூலகமோ தொடங்கலாம், செலவு பெரிதில்லை.

மாறுவதற்கு முன் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாமலே வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரிண்டர் பேசுகிறதா என்று பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். இன்ஸ்டால் செய்ய முடிவெடுத்தால், குடும்பப் போட்டோக்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டால், பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.