தமக்கையின் மூளையில் ஒரு கட்டி

மூளையில் கட்டி என்றாலே சில மாதங்களில் உயிர் போய்விடும் என்று எண்ணுகிறோம் அல்லவா? எல்லாக் கட்டிகளும் அப்படிப்பட்டவை அல்ல. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்பவையும் உண்டு. அத்தகைய கட்டியுடன் வாழ்ந்தவர் ரூத் என்ற அமெரிக்கப் பெண்மணி. புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு (1891–1976) இவருடைய தம்பி.

ரூத்துக்கு இளம் வயதிலேயே வலிப்பு தொடங்கியது. ஆயினும் அவர் மணம் புரிந்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். கட்டி எவ்வாறு இத்தனை காலம் மறைந்திருந்தது?

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல், நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற உறை உண்டு. மூளையில் அதை உண்டாக்கும் செல்களை ஒத்த செல்களால் ஆனதே ரூத்தின் கட்டி. ஆலிகோடெண்ட்ரோகிளியோமா என்பது அதன் பெயர். அது மெல்ல வளர்வதால் மூளை சிறிது சிறிதாக ஒதுங்கி இடம் கொடுக்கிறது. ஆனால் கட்டியை ஒட்டிய நரம்புச் செல்கள் தூண்டப்பட்டு, ஒரே சமயத்தில் மின்துடிப்புகளை வெளியிடுகின்றன. அதுவே வலிப்பு. மண்டையோடோ விரியாத பெட்டி. உள்ளே இடம் தீர்ந்ததும் அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் தோன்றும்.

1928 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் தம்பியே தமக்கைக்கு அறுவை செய்தார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆகவே தலைத்தோலை மரத்துப்போகச் செய்தாலே போதும், நோயாளி விழித்திருக்கலாம். வலப்புற முன்மடலின் பெரும்பகுதியை அவர் அகற்றினார். எனினும் கட்டியின் வேர்களை முற்றிலும் எடுக்க முடியவில்லை.

ரூத் வீடு திரும்பினார். பேச்சும் பண்பும் முன்போலவே இருந்தன. ஆனால் சுமார் 15 மாதங்களுக்குப் பின், தம்பிக்கும் வீட்டார் நால்வருக்கும் எளிய விருந்து சமைக்க முனைந்தபோது ஒரு குறை புலப்பட்டது. பண்டங்கள் எல்லாம் இருந்தன. ஓரிரண்டு அடுப்பிலும் ஏறியிருந்தன. இறைச்சி வேலையோ தொடங்கப்படவே இல்லை. எதை முதலில், எதை அடுத்து என்று வகுக்க முடியாமல் அவர் கலங்கி நின்றார். ஒவ்வொரு வேலையும் தெரியும். அவற்றை வரிசைப்படுத்தும் திறனே குறைந்திருந்தது. திட்டமிடுவதில் முன்மடலுக்குள்ள பங்கை இது காட்டியது. 1935-இல் பென்ஃபீல்டு, ஜோசப் இவான்ஸ் என்பவருடன் சேர்ந்து இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். தமக்கையைப் பற்றிய ஒரு தம்பியின் நினைவு, மருத்துவ உலகின் பாடமாயிற்று.

கட்டி மீண்டும் வளர்ந்து, 1931-இல் ரூத் மறைந்தார். 1934-இல் பென்ஃபீல்டின் முயற்சியால் மான்ட்ரியால் நரம்பியல் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது.

இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தைக் காட்டிவிடும். அறுவையுடன் கதிர்வீச்சும் மருந்துகளும் சேர, இவ்வகைக் கட்டியுள்ளோர் பலர் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழ்கிறார்கள். வலிப்புகள் எல்லாம் கட்டியால் வருபவை அல்ல. ஆனால் வளர்ந்த ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு கண்டால், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.