பெனிசிலினும் பூஞ்சையும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

பெனிசிலின், பெனிசிலியம் என்னும் பூஞ்சை உண்டாக்கும் வேதிப்பொருளாகும். 1928-ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஆய்வுத் தட்டொன்றில் படிந்த பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருந்ததைக் கண்டார். அதனை நோயாளிகளுக்குச் செலுத்தத்தக்க மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபுளோரி, செயின் குழுவினர். பின்னர் அமெரிக்காவின் பியோரியா நகரில், பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றில் கிடைத்த பூஞ்சை பன்மடங்கு மிகுதியாகப் பெனிசிலினைத் தந்தது.

பெருங்கலன்களில் ஊட்டக் கரைசலில் பூஞ்சையை வளர்த்து, அதனை வடிகட்டி நீக்கி, மருந்தை மட்டும் பிரித்துத் தூய்மை செய்கின்றனர். எனவே, பூஞ்சைத் தூசியால் தும்மலோ இளைப்போ வருபவர்கள் அக்காரணத்திற்காக மட்டும் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. பூசணம் பிடித்த ரொட்டியை உண்பதோ புண்ணில் வைத்துக் கட்டுவதோ மருத்துவம் ஆகாது. சில பூஞ்சைகள் நச்சுப் பொருள்களையும் சுரக்கின்றன.

பெனிசிலின் ஒவ்வாமை என்பது வேறு. முன்னர் இம்மருந்தால் தோல் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டிருப்பின் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். அமாக்ஸிசிலினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. எனினும், சிறுவயதில் ‘ஒவ்வாமை’ எனக் குறிக்கப்பட்ட பலருக்குப் பரிசோதனையில் அது இல்லையெனத் தெரியவருகிறது; ஐயமிருப்பின் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்கலாம்.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டோருக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தேவைப்படலாம். உடல் நலமாகத் தோன்றினாலும், மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தக் கூடாது.