தெருவிளக்கை மாற்ற யார் பணம் தருவது?

மாணவர்களே, அண்மையில் மின்சக்திக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "எல்.இ.டி. விளக்கு இவ்வளவு மிச்சப்படுத்தும் என்றால், எல்லா ஊரிலும் ஏன் சார் உடனே மாற்றவில்லை?" நல்ல கேள்வி. விடையில் பாதி அறிவியல், மீதி சட்டமும் பணமும்.

முதலில் கணக்கு. ஓர் ஊரில் 1,000 தெருவிளக்குகள், ஒவ்வொன்றும் 250 வாட் சோடியம் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 250 கிலோவாட். இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 3,000 கிலோவாட் மணி செலவாகும். அதே கம்பங்களில் 120 வாட் எல்.இ.டி. பொருத்தினால் 1,440 போதும். ஒரே இரவில் 1,560 கிலோவாட் மணி மிச்சம். ஆண்டுக்கு 569,400!

சோடியம் விளக்கு மோசமானது என்று நினைக்க வேண்டாம். பழைய குண்டு பல்பைவிட அது பன்மடங்கு திறனுடையது. ஆனால் அதன் ஒளி எல்லாத் திசைகளிலும் பாயும். அதைப் பிரதிபலிப்பான் கொண்டு கீழே திருப்பும்போது ஒரு பகுதி விளக்கின் கூட்டுக்குள்ளேயே வீணாகிவிடும். எல்.இ.டி.யின் ஒளி ஒரு பக்கமாகவே வெளிவருவதால் நேராகச் சாலையில் விழுகிறது.

அப்படியானால் தடை எது? புதிய விளக்குகளின் விலையை இன்றே கட்ட வேண்டும். மிச்சமோ மாதாமாதம் மின்கட்டண பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். குப்பை, வடிகால், சாலைக் குழி என்று அவசரச் செலவுகள் காத்திருக்கும்போது, எந்த ஊராட்சி மன்றத்திற்கும் கை வராது.

அமெரிக்கா இதற்கு ஒரு வழி தேடியது. 2007 டிசம்பரில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட கூட்டரசு எரிசக்திச் சட்டம், ஊராட்சிகளுக்கென ஒரு 'தொகுப்பு மானியத்தை' உருவாக்கியது. தொகுப்பு மானியம் என்றால் என்ன? தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தொகையைக் கொடுத்து, "மின்சாரத்தை மிச்சப்படுத்துங்கள், எப்படி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்வது போல. ஒரு நகரம் தெருவிளக்கை மாற்றலாம். இன்னொன்று நூலகத்தின் குளிர்சாதனத்தைச் சீர்செய்யலாம்.

பங்கீடும் சட்டத்திலேயே உண்டு: நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் 68 விழுக்காடு, மாநிலங்களுக்கு 28, பூர்வகுடியினருக்கு 2, போட்டி முறையில் 2. மாநிலங்கள் தங்கள் பங்கில் குறைந்தது 60 விழுக்காட்டை, நேரடி மானியம் கிடைக்காத சிற்றூர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் குடியிருப்போரை மட்டுமின்றி, பகலில் வேலைக்கு வருவோரையும் கணக்கில் எடுக்கச் சொன்னது எனக்குப் பிடித்த அம்சம். ஓர் ஊரின் மின்சாரத்தைப் பயன்படுத்துவோர் அங்கே உறங்குபவர்கள் மட்டுமல்லவே!

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். 2008 முதல் 2012 வரை ஆண்டுக்கு 200 கோடி டாலர் என்று சட்டம் அனுமதித்தது. அது அனுமதி மட்டுமே. அமெரிக்காவில் "இவ்வளவு செலவிடலாம்" என்பது ஒரு சட்டம். பணத்தை உண்மையில் ஒதுக்குவது வேறொரு சட்டம். அந்த இரண்டாவது சட்டம் வராததால், ஓராண்டுக்கு மேல் ஒரு காசும் கிடைக்கவில்லை. பொருளாதாரம் சரிந்த பிறகு, 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தில்தான் 320 கோடி டாலர் வந்தது.

பணம் வந்ததும் அவசரமும் வந்தது. 18 மாதங்களுக்குள் ஒப்பந்தங்களைச் செய்து, 36 மாதங்களுக்குள் முழுவதையும் செலவிட வேண்டும். கூடவே, உள்நாட்டுப் பொருள் வாங்கும் விதி, கூலி விதி, பழைய கட்டடப் பாதுகாப்பு விதி. எரிசக்திப் பொறியாளர் ஒருவர்கூட இல்லாத சிற்றூர்கள் திணறியதில் வியப்பில்லை. அடுத்து இத்திட்டத்திற்குப் பெரிய ஒதுக்கீடு வந்தது 2021 நவம்பரின் உள்கட்டமைப்புச் சட்டத்தில்: 55 கோடி டாலர். இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அன்று படிவம் 1-இல் இருந்த பிள்ளை இன்று வேலைக்கே போயிருப்பார்.

நம் நாட்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் வழி வேறு: 12 மாதங்களில் 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் பயன்படுத்தும் பெரிய பயனீட்டாளர்கள் எரிசக்தி நிர்வாகியை நியமித்து, தணிக்கையும் செய்ய வேண்டும்.

இதோ உங்களுக்கு ஒரு பயிற்சி. 1 கிலோவாட் மணி = 3.6 மெகாஜூல். அப்படியானால் 21,600 கிகாஜூல் எத்தனை கிலோவாட் மணி? மேலே சொன்ன 250 வாட் சோடியம் விளக்குகள் எத்தனை ஓராண்டு எரிந்தால் அந்த அளவு வரும்? 5,500-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் உங்கள் கணக்கு சரி.